மண் பூசிய நெருப்பு

எங்கள் காவிரிப் படுகையில் பிணத்தை மூடித்தான் எரிப்பார்கள். சினிமாவில் காட்டுகிற, ஆள் உயரத்துக்குக் கொழுந்துவிட்டு எரியும் சிதை வடக்கத்தி வழக்கம். இங்கே கொள்ளி வைத்த மகன் திரும்பிப் பார்க்காமல் நடந்து ஆற்றில் முழுக்குப் போடும்வரை தீயே கண்ணில் படாது. ஈரமண் பூசிய நீளமான மேடு, அதில் அங்கங்கே விட்ட துளைகள் வழியே வெளிறிய புகை, வேறொன்றும் தெரியாது. மறுநாள் காலை பால் தெளிக்கப் போனால் எலும்பும் சாம்பலும்தான் இருக்கும். ராத்திரி முழுக்க அந்த மண்மேட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது தெரிந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். அவர்களை ஊர் தன் தெருவுக்குள் விட்டதில்லை.

நான் நகராட்சிகளில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாலை, சாக்கடை, மேல்நிலைத் தொட்டி என்று போய்க்கொண்டிருந்த பணிக்காலத்தின் பின்பாதியில் நவீன எரிவாயு தகனமேடை கட்டும் வேலை என் மேசைக்கு வந்தது. உலை எப்படி இயங்குகிறது என்று ஒப்பந்த நிறுவனத்தார் வரைபடத்தை விரித்து விளக்கினார்கள். அது எனக்கு முழுசாகப் பிடிபட்டது, பழைய மயானக் கொட்டகையில் ஒரு வெட்டியான் சிதை அடுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான்.

எழுபதை நெருங்கிய மனிதர் அவர். தெற்கு வடக்காக, முழங்கால் ஆழத்துக்கும் குறைவாகப் பள்ளம் எடுத்தார். அடியில் கனத்த விறகு, அதன் குறுக்கே இடம் விட்டு இடம் விட்டு மெல்லிய கட்டைகள், மேலே வரட்டி. பாடையைப் பிரித்து, மூங்கிலையும் மாலைகளையும் ஓரமாகப் போட்டுவிட்டு, உடலைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். வாய்க்கரிசி முடிந்ததும் நெஞ்சிலும் இடுப்பிலும் கட்டை வைத்தார். மற்ற இடமெல்லாம் வரட்டியை நெருக்கி அடுக்கி, அதன் மேல் வைக்கோலைப் பரப்பினார். பிறகு, முன்கூட்டியே குழைத்து வைத்திருந்த களிமண்ணை இரண்டு கையாலும் வாரி, வைக்கோல் மேல் விரல் கனத்துக்கு வழித்துப் பூசிக்கொண்டே வந்தார். தலைமாட்டில் மட்டும் வாய் விட்டிருந்தார். கொள்ளி வைப்பது அங்கேதான். கால்மாட்டிலும் விலாப்பக்கமும் கட்டைவிரலால் குத்தித் துளைகள் போட்டார். எல்லாம் முடிந்து, நிமிர்ந்து நின்று காற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேற்குப் பக்கத்துத் துளைகளில் இரண்டை மறுபடி மண் வைத்து அடைத்தார்.

ஏன் என்று கேட்டேன்.

“மேகாத்து சார். இதத் தொறந்து வுட்டா இந்தப் பக்கம் மட்டும் வேகமா எரிஞ்சிரும். அந்தப் பக்கம் பச்சையா நிக்கும். காலையில அந்தப் புள்ளைங்க வந்து பாக்குறதுல்ல?”

அடியில் காற்று வரும் வழி, சுற்றிலும் வெப்பத்தை வெளியே விடாத மண் சுவர், புகை போகும் துளை, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு ஏற்பாடு. ஓர் உலைக்கு வேண்டியது இவ்வளவும்தான். நிறுவனத்தாரின் வரைபடத்தில் இருந்ததும் இதுதான். வித்தியாசம், அவர்கள் ஒரு தடவை கட்டுகிறார்கள்; அவர் ஒவ்வொரு சாவுக்கும் புதிதாகக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோ எடையுள்ள உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்கத் தேவையான வெப்பம் காய்ந்த விறகு 10 கிலோவுக்குள் அடங்கிவிடும். நீர் வற்றிய பிறகு உடலின் கொழுப்பே எரிபொருள் ஆகிவிடுகிறது. அப்படியிருந்தும் திறந்த சிதைக்கு 400, 500 கிலோ விறகு போகிறது என்றால், அதில் பெரும்பகுதி வானத்தைச் சுட வைக்கத்தான் போகிறது. பிணம் எரிப்பதில் உள்ள சிக்கல் நெருப்பு மூட்டுவதில் இல்லை, மூட்டிய நெருப்பின் சூட்டைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. குயவர் சூளைக்கு மண் பூசுவதும் இதே காரணத்துக்காகத்தான். வைக்கோல் முதலில் எரிந்து போகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகி, வெந்த மண் ஓடு கூடாக நின்றுகொள்கிறது. உள்ளே வரட்டி கொழுந்துவிடாமல், அணையாமல், கங்காகக் கனன்றுகொண்டே இருக்கிறது.

தமிழகத்தில் இறந்தவர்களை என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரே பதில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எரிப்பது, அப்படியே போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து முறைகளை மணிமேகலை வரிசையாகச் சொல்கிறது. கிள்ளிவளவன் இறந்தபோது, அவ்வளவு பெரிய மன்னனுக்குத் தாழி வனைவது உன்னால் ஆகுமா என்று குயவனைப் பார்த்துக் கேட்கிற பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் அந்தத் தாழிகளை மண்ணுக்குள்ளிருந்தே எடுத்தார்கள். பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876இல் முதலில் தோண்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். இன்றைக்கும் புதைக்கிற சாதிகளும் எரிக்கிற சாதிகளும் ஒரே ஊரில் உண்டு. எரிக்கிற வீட்டிலும் குழந்தையைப் புதைக்கத்தான் செய்வார்கள்.

மயானத்தைப் பிரித்து வைத்ததும் பழைய கதைதான். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீங்கிய நிலங்கள் எவையெவை என்று பட்டியல் போடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்று வரும் அந்தப் பட்டியலில் சுடுகாடும் உண்டு, பறைச்சுடுகாடும் உண்டு. இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அளந்து, எல்லை போட்டு, கல்லில் வெட்டிவிட்டார்கள். அந்தச் சுவர் முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் கொஞ்சம் குனிந்து அந்த வரிகளையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு இந்த நெருப்பு புதிதாகத் தேவைப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில். நகரங்கள் பெருத்தன, தேவாலயத் தோட்டத்துக் கல்லறைகள் நிரம்பி, குடிதண்ணீர் கெடுகிறது என்ற பயம் வந்தது. இத்தாலியப் பேராசிரியர் புருனெட்டி, தான் செய்த எரியுலையையும் அதில் கிடைத்த சாம்பலையும் 1873இல் வியன்னா பொருட்காட்சியில் வைத்தார். அதைப் பார்த்த சர் ஹென்றி தாம்சன் என்ற அறுவை மருத்துவர் அடுத்த ஆண்டே லண்டனில் தகனச் சங்கத்தைத் தொடங்கினார். ஜெர்மனியில் எஃகு, கண்ணாடி உருக்கப் பயன்பட்ட சீமென்ஸ் உலையை இதற்கு மாற்றி, 1874இல் டிரெஸ்டன் நகரில் ஓர் ஆங்கிலப் பெண்மணியின் உடலை எரித்தார்கள். விறகோ கரியோ உடலைத் தொடாமல், வெறும் வெப்பக் காற்றால் எரிக்க முடியும் என்பதை அது காட்டியது. இன்றைய எல்லாத் தகன உலைகளுக்கும் அதுதான் முன்னோடி. இங்கிலாந்தில் சட்டம் தெளிவாகாமல் இழுத்தது. வோக்கிங்கில் கட்டிய உலையில் 1879இல் முதலில் ஒரு குதிரையைத்தான் எரித்துப் பார்த்தார்கள். மனித உடல் அதற்குள் போக 1885 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையின் அமெரிக்கக் கிளை நம் அடையாற்றுக்கு வருகிறது. அதனால் அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூர். அங்கே லெமோய்ன் என்று ஒரு வயதான மருத்துவர். அடிமை முறையை எதிர்த்தவர்; கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிக்குப் பணம் கொடுத்தவர். கல்லறைகளிலிருந்து கசிவது ஊற்றுநீரைக் கெடுக்கிறது என்று நம்பிய அவர், தன் சொந்த நிலத்தில், குன்றின் மேல், இரண்டே அறை கொண்ட செங்கல் கட்டடமாக ஒரு தகனசாலை கட்டினார். ஒரு அறையில் உலை, மற்றதில் உறவினர் உட்கார இடம். உலைக்குள் தீக்களிமண்ணால் ஆன ஓர் அறை. அதன் வெளிப்புறத்தில் கல்கரித் தீ. தீ நாக்கு உடலைத் தொடாது. பழுக்கக் காய்ந்த களிமண் சுவரின் வெப்பமே எரிக்கும்.

அதில் முதலில் எரிக்கப்பட்டவர் பாரன் டி பாம். நியூயார்க்கில் 1876 மே மாதம் இறந்த அவர், தன்னை எரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொறுப்பை ஏற்றவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து பிரம்ம ஞான சபையைத் தொடங்கியிருந்தார். எரிக்க இடம் கிடைக்காததால் உடலைப் பதப்படுத்தி மாதக்கணக்கில் வைத்திருந்து, டிசம்பர் 6 அன்று லெமோய்னின் உலைக்குக் கொண்டுபோனார்கள். படிகாரம் கலந்த நீரில் நனைத்த துணியால் உடலைச் சுற்றி, வாசனைப் பொருள்களும் பூவும் பச்சிலையும் தூவி உள்ளே தள்ளினார்கள். பத்திரிகைக்காரர்கள் திரண்டு வந்து பார்வைத் துளை வழியே எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இறந்தவரின் இடது கை மெல்ல மேலே எழும்பியது, மூன்று விரல்கள் வானத்தைக் காட்டி நின்றன என்று எழுதினார்கள். அமெரிக்கா முழுக்க அதைப் படித்தது.

நம் ஊரில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பிணம் எழுந்து உட்காரும், வெட்டியான் கம்பால் தட்டிப் படுக்க வைப்பான் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். வெப்பத்தில் தசைநார்கள் சுருங்கும்போது மடக்கும் தசை வலுவாக இருப்பதால் முழங்கை மடங்கும், விரல் மூடும், கால் தூக்கும். குத்துச்சண்டைக்கு நிற்பவரின் நிலை அது. நெஞ்சிலும் இடுப்பிலும் கனத்த கட்டை வைத்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் வரட்டி அடுக்குவது என்ற விதி இதற்காகத்தான். சதை கனத்த இடமும் அதுதான், கடைசியில் வேகிற இடமும் அதுதான். இரண்டுக்கும் ஒரே கட்டை போதும் என்று கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை.

லெமோய்ன் 1879இல் இறந்து தன் உலையிலேயே எரிந்தார். அந்தக் கட்டடத்தில் 1901 வரை 42 உடல்கள் எரிக்கப்பட்டன. ஆல்காட் இந்தியா வந்தார். 1882இன் இறுதியில் அடையாற்றில் குடியேறினார். சென்னையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கென்று 1894இல் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசர் 1898இல் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவத் துணை நின்றார். 1907 பிப்ரவரி 17 அன்று இறந்த அவர் உடல் அடையாறு வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது. அமெரிக்காவின் முதல் தகன உலைக்குள் ஒரு மனிதரை அனுப்பி வைத்தவர், இங்கே கட்டைச் சிதையில் சாம்பலானார். அவர் பள்ளி தொடங்கியது யாருடைய பிள்ளைகளுக்காக என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் வெட்டியான் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி வைத்திருந்தது அதே மக்கள் தலையில்தான்.

அந்த வேலைக்குக் கூலி என்று ஊர் வகுத்தது கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அரிச்சந்திரன் கதையில் வருகிற அதே கூலி. மயானத்து வாசலில் அரிச்சந்திரன் என்று ஒரு கல் நட்டிருப்பார்கள். அங்கே பாடையை இறக்கித் திருப்பி வைத்து, வெட்டியான் அந்தக் கதையைச் சொல்லிப் பாடி, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வழிவிட வேண்டும். சாவுச் செய்தி சொல்லப் போவது, குழி வெட்டுவது, பறையடிப்பது, வாய்க்காலில் நீர் திருப்புவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. சிறு மானிய நிலம் சில ஊர்களில் இருந்தது. நான் பார்த்த பெரியவருக்கு அதுவும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு பிணத்தை எரித்து முடிக்க அவர் விடிய விடியக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நூற்றுக்கணக்கானவரை எரித்த அவர் இனத்தில் புதைப்பதுதான் வழக்கம். அவர்களுக்கான இடம் வாய்க்காலுக்கு அப்பால், பாதை இல்லாத மேட்டில் இருந்தது.

பாதை இல்லாமை பழங்கதை ஆகிவிடவில்லை. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், தோட்டத்து வழியே போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

எரிவாயு தகனமேடைக்கு வருகிறேன். அதில் எரிவது வாயு என்றாலும் அந்த வாயு பிறப்பது விறகிலிருந்துதான். சிறு துண்டுகளாக வெட்டிய விறகை மூடிய உருளைக்குள் போட்டு, முழுதாக எரியப் போதாத அளவு காற்றை மட்டும் விடுவார்கள். அப்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கொஞ்சம் மீத்தேனும் கலந்த வாயு வரும். அதைக் குழாய் வழியே தீச்செங்கல் பதித்த அறைக்குக் கொண்டுபோய், காற்றோடு கலந்து எரித்தால் 800 டிகிரிக்கு மேல் சூடு நிற்கும். கொள்ளி வைப்பதற்குப் பதிலாக நெஞ்சில் கற்பூரம் ஏற்றி, தட்டை உள்ளே தள்ளிக் கதவை இறக்குகிறார்கள். முதலில் நீர் வற்றும். பிறகு கொழுப்பு எரியும். அந்தக் கட்டத்தில் வாயுவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை கறுத்துவிடும். ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். புகையைத் தண்ணீர் தெளித்துக் கழுவி, 100 அடிக் குழாய் வழியே மேலே விடுகிறோம். இறந்தவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்ததா என்று முன்கூட்டியே கேட்டாக வேண்டும். அதிலுள்ள மின்கலம் உள்ளே வெடிக்கும்.

எலும்பு எரிவதில்லை. அது சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த உப்பு. அதிலுள்ள கரிமப் பொருள் எரிந்து போனால் எஞ்சுவது இரண்டு மூன்று கிலோ. மேல்நாட்டில் அதை இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கித் தருகிறார்கள். நம்மவர்கள் எலும்பைக் கண்ணால் பார்த்து, பொறுக்கிக் கலயத்தில் போட வேண்டும். வேலை முடிந்ததா என்று உலைக்காரருக்குச் சொல்வதும் எலும்பின் நிறம்தான். ஒப்பந்த நிறுவனத்தார் கொடுத்த கையேட்டில் நேரமும் வெப்பநிலையும் மட்டும் இருந்தன. வேலைக்கு எடுத்த பையன்கள் நேரம் பார்த்துக் கதவைத் திறந்தார்கள். இடுப்பெலும்புப் பக்கம் கறுப்பாகவே கிடந்தது. பெரியவரை அழைத்துவரச் சொன்னேன். பார்வைத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கறுப்பா இருந்தா உள்ள இன்னும் இருக்குன்னு அர்த்தம் தம்பி. நீலம் பாஞ்ச சாம்பலா வரும். அதுக்கும் பொறு. வெள்ளை பூத்துச்சுன்னாதான் வெந்துச்சு. கடியாரத்தப் பாக்காத, எலும்பப் பாரு.”

கறுப்பு, நீலச் சாம்பல், வெள்ளை. தடய அறிவியல் நூல்களில் எரிந்த எலும்பின் வெப்பத்தை மதிப்பிட இதே வரிசைதான் இருக்கிறது. நான் அதை எழுத்தாக்கி, உலை அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுத வைத்தேன். அவர் மகனை உலை இயக்குநராகச் சேர்க்கப் பரிந்துரைத்தேன். தொழிற்பயிற்சிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் அப்பாவிடம் கற்ற ஆண்டுகளைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார்கள், தினக்கூலியாக.

பொது மயானம் வைத்திருக்கும் சிற்றூருக்கு 10 லட்சம் ரூபாய் பரிசு தருகிற அரசுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். அந்தப் பொது மயானத்தில் வேலை செய்கிறவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் என்று ஒரு வரி அதோடு சேர்ந்திருக்க வேண்டும். ஊராட்சிகளில் இன்னும் பிணத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். அதையும் துக்க வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் உலை நன்றாகவே ஓடுகிறது. கார்த்திகை மழையில் மின்சாரம் நின்றால் ஊதுவிசிறி நின்றுவிடும், ஜெனரேட்டர் எப்போதும் கைகொடுப்பதில்லை. அந்த நாள்களில் பக்கத்துப் பழைய கொட்டகையில் வைக்கோல் பரப்பி மண் குழைக்கிறார்கள். அப்பாவிடம் கற்ற அந்த மகனுக்கும் அவரிடம் கற்கிற இன்னொரு பையனுக்கும் தவிர வேறு யாருக்கும் அந்தப் பூச்சு வரவில்லை. பூச்சின் கனம், துளையின் இடம், எந்தக் காற்றுக்கு எதை அடைப்பது என்பதையெல்லாம் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசிக் காற்றுக்கான பகுதி இன்னும் பாக்கி. அதைச் சொல்லித் தெரியாது, வந்து பாருங்கள் என்றார். அடைமழைக்குக் காத்திருக்கிறேன்.